இரும்பு மட்டும் தெளிவாக

ரி-56 என்று எங்கள் பத்திரிகைகள் எழுதிப் பழகிய சீனத்துத் துவக்கின் மரப்பிடியில், பின்தட்டின் நடுவே, ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சின்ன மூடி உண்டு. அழுத்தி விட்டால் உள்ளே இருக்கும் வில் ஒரு தகரக் குழாயை வெளியே தள்ளும். அதற்குள் குழல் துடைக்கும் தூரிகை, ஆணி தட்டும் கம்பி, தட்டையான ஒரு துண்டு இரும்பு. அந்தத் தட்டை இரும்பின் ஒரு விளிம்பு திருகாணி திருப்பும். அதில் வெட்டப்பட்டிருக்கும் பிளவு, குழலின் நுனியில் நிற்கும் முன்குறிக் குச்சியைக் கவ்வித் திருப்புவதற்கு. வலமாகத் திருப்பினால் குச்சி இறங்கும், இடமாகத் திருப்பினால் ஏறும். யாரையும் கீறக்கூட முடியாத மழுங்கல் இரும்பு அது. ஆனாலும் ரவை, குழல், விசை என்று துவக்கின் மற்ற உறுப்புகளை நினைக்கும்போது வராத ஓர் அந்தரம் இந்தத் துண்டை நினைக்கும்போது எனக்கு வருகிறது. ரவை கொல்ல வந்தது. தன் வேலையை அது ஒளிப்பதில்லை. இது பிழை திருத்த மட்டும் பிறந்த கருவி. திருத்துவது நல்ல காரியம் என்றே நான் வளர்ந்தேன். பிள்ளையின் கையெழுத்தைத் திருத்துகிறோம், அச்சுப்படியைத் திருத்துகிறோம், கணக்கைத் திருத்துகிறோம். அந்த வரிசையில் இதையும் வைக்கலாமா என்ற கேள்வி நெடுநாளாக என்னை விட்டுப் போகவில்லை.

குறியைச் சரிபார்க்கும் முறை எல்லா நாட்டுப் படைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே இடத்தைக் குறிபார்த்து மூன்று, நான்கு வெடி வைப்பார்கள். தாளில் ஓட்டைகள் எங்கே கூடி விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். கூட்டம் நெருக்கமாக இருந்து இடம் மட்டும் விலகியிருந்தால் கை நல்லது, குறிதான் பிசகு. அப்போதுதான் அந்தத் தட்டை இரும்பு வெளியே வரும். ரி-56 உட்பட ஏகே வகைத் துவக்குகளில் பின்குறியின் வெட்டுக்கும் முன்குறிக் குச்சிக்கும் இடையே ஏறத்தாழ 38 சென்ரிமீற்றர். இந்த இடைவெளியை வைத்துக் கணக்குப் பார்த்தால், முன்குறி ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் 100 மீற்றர் தூரத்தில் சன்னம் 26 சென்ரிமீற்றர் விலகிப் போகும். நெஞ்சின் நடுவை நோக்கி வந்தது தோளுக்கு வெளியே காற்றில் போய்விடும் தூரம் அது. பக்கவாட்டில் நகர்த்தச் சுத்தியலும் கம்பியும் கொண்டு தட்டலாம். தட்டினால் ஒன்றில் அசையாது, இல்லாவிட்டால் வேண்டியதைவிடக் கூடுதலாக ஓடிவிடும். அதனால் ஆயுதம் திருத்துகிறவர்கள் ஒரு கவ்வி வைத்திருப்பார்கள். முன்குறியின் இருபுறமும் பொருந்த உட்கார்ந்து, திருகைச் சுற்றச் சுற்ற மயிரிழை மயிரிழையாகத் தள்ளும் கவ்வி. திருத்துவதற்கு ஒரு விதியும் உண்டு: முன்குறியை எப்போதும் பிழை போன பக்கமே நகர்த்த வேண்டும். சன்னம் இடப்பக்கம் போனால் குறியும் இடப்பக்கம். மேலே போனால் குறியும் மேலே. பிழையைத் துரத்திக்கொண்டு போனால்தான் பிழை தீரும் என்பது முதலில் கேட்கும்போது மனசுக்கு ஒவ்வாத விதி. வேறு எந்தக் காரியத்திலும் இப்படித் துரத்தச் சொல்லித் தந்திருந்தால் நாம் எவ்வளவோ நல்ல மனிதர்களாகியிருப்போம் என்று தோன்றும்.

ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு கருவி. பிரித்தானியர் காலத்து 303 றைபிளில் முன்குறித் தகடுகள் பல உயரங்களில் கிடைக்கும். உயரம் பொருந்தாவிட்டால் தகட்டையே கழற்றி மாற்ற வேண்டும். 1987இல் வந்திறங்கிய இந்தியப் படையின் தோளில் தொங்கிய எஸ்.எல்.ஆர் துவக்கில் முன்குறியைத் திருப்ப அதற்கேயான கருவி இருந்தது. எம்-16 மட்டும் இதில் தனி ரகம். அதன் முன்குறியை அசையவிடாமல் பிடித்திருக்கும் சின்னக் குமிழை அழுத்த வேறு கருவி வேண்டியதில்லை, ரவையின் கூர்முனையே போதும். இன்னொருவருக்குள் போகவிருக்கும் அதே ரவையின் நுனியால், அது எங்கே போக வேண்டும் என்று முதலில் திருத்திக்கொள்ளலாம். இதை அறிந்த நாளில் அந்தரம் கொஞ்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. நெல்லியடிச் சந்தியில் நின்றால், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் இந்த எல்லா வகையும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் தோளில் கடந்து போயிருக்கிறது. பொலிஸ், இயக்கங்கள், இலங்கை ஆமி, இந்திய ஆமி, திரும்பவும் இயக்கம், 1996இலிருந்து திரும்பவும் ஆமி. அவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வெளியில் படுத்துக் கிடந்த ஒருவரின் கண்ணுக்கு ஏற்பச் சரிபார்க்கப்பட்டவை. ஒருவர் கன்னம் வைக்கும் இடமும் கண் நிற்கும் இடமும் இன்னொருவருக்கு அப்படியே வராது. ஒருவருக்காகச் சரிபார்த்த துவக்கு அவர் செத்து அடுத்தவர் கைக்குப் போனால், செத்தவரின் கண் கொஞ்ச நாள் அந்த இரும்பில் மிஞ்சியிருக்கும், அந்தத் தட்டை இரும்பு மறுபடி வெளியே வரும்வரை.

இந்தச் சந்தியில் திருத்துவதற்குப் பெயர்போன வேறு கைகளும் இருந்தன. பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோலும் பற்றரியும் வரவிடாத அந்த வருடங்களில், குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. சைக்கிள் கடைக்காரர் சில்லைக் கவட்டில் பூட்டிச் சுழலவிட்டு, றிம்மின் ஓரத்தில் சோக்கட்டியை மெல்லப் பிடிப்பார். நெளிந்த இடம் வந்து உரசிப் போகும். சோக்கு விழுந்த இடத்துக் கம்பிகளைச் சின்னத் திறப்பால் கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்குவார். திரும்பவும் சுழற்றுவார். அந்தத் திறப்பும் துவக்கின் தட்டை இரும்பும் ஒரே தாயின் பிள்ளைகள் போலவே இருக்கின்றன. அளவும் அதே, திருப்பும் பாங்கும் அதே, முழுச் சுற்றுக்குப் போகாமல் அரைச் சுற்றில் நிற்கும் பொறுமையும் அதே. இரண்டையும் பிடிக்கிற கைக்கு வேண்டியது ஒரே நிதானம். இந்த ஒற்றுமைதான் என்னைக் குழப்புகிறது. நிதானம், பொறுமை, கவனம், தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளும் மனசு என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நற்குணங்கள் எல்லாம் முன்குறியைத் திருத்துகிறவரிடம் நிறைவாக இருக்கின்றன. இரண்டு வேலையும் எங்கே பிரிகின்றன? சைக்கிள் கடைக்காரர் நெளிவு எடுத்து முடிந்ததும் சில்லை நேரே தன் கண்ணால் பார்க்கிறார். திருத்தியது எதுவோ அதையே பார்க்கிறார். துவக்கைத் திருத்துகிறவர் எதைப் பார்க்கிறார் என்பதை யோசிக்கத் தொடங்கினால்தான் பிரியும் இடம் தெரிகிறது.

மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். துவக்கைத் தோளில் வைத்தவருக்கு முன்னால் மூன்று தூரங்கள் இருக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் பின்குறி, அதற்கு அப்பால் முன்குறி, நூறோ இருநூறோ மீற்றருக்கு அப்பால் இலக்கு. மூன்றையும் ஒருசேரத் தெளிவாகக் காண எந்தக் கண்ணாலும் ஆகாது. எல்லாப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: முன்குறியைப் பார், அது மட்டும் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கட்டும், இலக்கு மங்கினால் மங்கட்டும். கண் தன்னை அறியாமல் இலக்குக்குத் தாவினால் குறி பிசகும். ஆக, சரியாகச் சுட வேண்டுமானால் சுடப்படுகிறவர் மங்கலாகத் தெரிய வேண்டும். இதைச் சுடுகிறவரின் மனக்கோணல் என்று தள்ளிவிட முடியாது. கண்ணின் வில்லையும் இரும்பின் நீளமும் சேர்ந்து போட்ட கட்டளை அது. துரோணர் மரத்தில் வைத்த பறவையைப் பற்றி நாங்கள் சிறுவயதில் கேட்ட கதையில், அருச்சுனன் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பறவையை மட்டும் கண்டான் என்பதுதான் மெச்சத்தக்கது. மரம் மறைந்தது, கிளை மறைந்தது, ஆனால் பறவை நின்றது. வில்லுக்கு முன்குறி இல்லாததால் அம்பு எய்கிறவன் தான் வீழ்த்தப்போவதைப் பார்த்தே ஆக வேண்டும். இரும்புக் குறி வந்த பிறகு மறைய வேண்டியது பறவைதான். வேட்டைக்குக் கட்டுத்துவக்கு கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுப்பவருக்கும் வன்னிக் காட்டில் இடியன் துவக்கோடு மரத்தில் ஏறிக் காத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். முதலாமவர் விலங்கைக் காண்பதே இல்லை. இரண்டாமவராவது காண்கிறார் என்று எண்ணியிருந்தேன். அவரும் கடைசிக் கணத்தில் அதைக் காணாமல்விட வேண்டியிருக்கிறது.

ஒருவரைப் பார்த்துக்கொண்டே கொல்வது எளிதான காரியம் அல்ல என்பதைப் படைகள் அறிந்தே வைத்திருந்தன. எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கர் 1947இல் எழுதிய நூலில், இரண்டாம் உலகப்போரில் சண்டையின் நடுவே நின்ற காலாட்படையினரில் பெரும்பாலானோர் துவக்கை இயக்கவே இல்லை என்று வாதிட்டார். அவர் கொடுத்த கணக்குகளைப் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிந்திய பத்தாண்டுக்குள் பயிற்சித் திடல்களில் வட்ட வட்டமாக வரைந்த தாள்கள் பின்னுக்குப் போய், மனித உருவில் வெட்டப்பட்ட பலகைகள் நிலத்திலிருந்து எழும்பி விழத் தொடங்கின. தலை, தோள், நெஞ்சு உண்டு, முகம் இல்லை. மங்கலாகத் தெரிய வேண்டியதை முதலிலேயே மங்கலாகச் செய்து வைத்துவிட்டார்கள். வள்ளுவர் படைச்செருக்கில் யானைக்கு எறிந்து தவறிய வேலை முயலை வீழ்த்திய அம்பைவிட உயர்த்திச் சொல்கிறார். அந்த வீர உலகம் என்னுடையது அல்ல. ஆனாலும் அங்கே தவறியதற்கு ஒரு மதிப்பு இருந்தது என்பது என் மனசில் தைக்கிறது. எதை நோக்கினோம் என்பது பட்டதா இல்லையா என்பதைவிடப் பெரிதாக இருந்த காலம் அது. சரிபார்க்கும் கருவியின் உலகில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பிழை என்றால் படாதது. அதைத் தவிர வேறு பிழை இந்த இரும்புக்குத் தெரியாது. எவ்வளவு நுணுக்கமாகத் திருப்பினாலும் அது இலக்கு சரியா என்று கேட்காது. கேட்க வேண்டியவரும் கருவியை உள்ளே வைத்து மூடியபின், எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு எழுந்துவிடுகிறார்.

இந்த மங்கல் திடலோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்த ஒரு செய்தியின் வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம். இனந்தெரியாத நபர்கள் வந்தார்கள், குடும்பத்தவர் ஒருவரை வெளியே அழைத்தார்கள், ரி-56 ரகத் துப்பாக்கியால் சுட்டார்கள், தப்பிச் சென்றார்கள். சுட்டவர் யாரென்று ஊருக்குத் தெரிந்திருந்தாலும் எழுத முடியாது. எழுதினால் அடுத்த செய்தி எழுதியவரைப் பற்றியதாக இருக்கும். சுடப்பட்டவரைப் பற்றியும் வயதும் எத்தனை பிள்ளைகளின் தந்தை என்பதும் தவிர வேறெதுவும் இருக்காது. அந்தச் செய்தியில் வெட்டினாற்போல் தெளிவாக நிற்பது துவக்கின் ரகம் மட்டும். ஒருமுறை அல்ல, ஆண்டுக்கணக்காக இந்தச் செய்திகளை வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். துவக்கின் சத்தத்தை வைத்தே எது எந்த ரகம் என்று சொல்லும் சிறுவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் இருந்தார்கள். பங்கருக்குள் இருந்தபடி, இது ஏகே, இது எல்எம்ஜி, இது ஷெல் என்று பிரித்துச் சொல்வார்கள். பெரியவர்கள் அதைக் கெட்டித்தனம் என்று மெச்சினார்கள். செத்தது யார் என்பது பிறகுதான் தெரியவரும். காதால்கூட நாங்கள் முதலில் இரும்பைத்தான் பழகினோம். ஷெல்லும் விமானக் குண்டும் இன்னொரு வகை. அவற்றை அனுப்புகிறவர் மங்கலாகக்கூட எங்களைக் காண்பதில்லை. துவக்குக்காரருக்கு மங்கலாகவாவது ஓர் உருவம் தெரிந்தது என்பதை ஆறுதலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நெல்லியடியை உலகம் அறிந்தது முன்குறியே இல்லாத ஓர் ஆயுதத்தால். 1987 மே 26இல் வடமராட்சியைப் பிடிக்கத் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஏராளமான இளைஞர்கள் பிடிக்கப்பட்டுத் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் ஆமி முகாமானது. யூலை 5ஆம் திகதி இரவு வெடிமருந்து ஏற்றிய வாகனத்தைப் புலிகளின் உறுப்பினர் ஒருவர், மில்லர் என்ற இயக்கப்பெயர் கொண்டவர், அந்தப் பள்ளிக் கட்டடத்துக்குள் ஓட்டிச் சென்றார். பக்கத்துத் துன்னாலைப் பிள்ளை, வயது 21. அந்த நாளை இயக்கம் பின்னர் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தது. எத்தனை படையினர் செத்தார்கள் என்பதில் இரு தரப்புக் கணக்கும் ஒன்றல்ல. சரிபார்த்தல் என்பது தவறிப்போன வெடிகளிலிருந்து கற்றுக்கொள்வது. முதல் மூன்று வெடி தாளில் விழுந்து, எங்கே பிசகு என்று சொல்லிக் கொடுத்தால்தான் நான்காவது திருந்தும். அந்த வாகனத்துக்கு நான்காவது கிடையாது. பிழை என்று பின்னால் யாராவது கண்டாலும் நகர்த்துவதற்கு எந்தக் குச்சியும் மிஞ்சியிருக்காது. ஆனால் மங்கல் மட்டும் இங்கேயும் அப்படியே இருந்தது. கட்டடத்துக்குள் படுத்திருந்தவர்கள் தெற்கிலுள்ள எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள், அவர்களின் பெயர் என்ன என்று இந்த ஊரில் கேட்டால் சொல்ல ஆளில்லை. ஓட்டிச் சென்றவரின் இயக்கப்பெயரும் படமும் எல்லோருக்கும் தெரியும். அந்த வயதில் அவருக்கு வேறு என்ன பிடித்தது, எதற்குப் பயந்தார் என்று கேட்டால் அதற்கும் ஆள் குறைவு. ஒரு பக்கத்தாருக்கு அவர் இரும்பாகிவிட்டார், மறு பக்கத்தாருக்கு மங்கலாகிவிட்டார். அதே வளவில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள், மணி அடிக்கிறது, கையெழுத்து திருத்தப்படுகிறது.

இதற்கு எதிரான ஒரு வழக்கமும் எங்களிடமே இருக்கிறது. செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் நாங்கள் அடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன். அதில் செத்தவர்தான் முழுக்க. எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடம், யாரைக் கட்டினார், பெறாமக்கள் யார், மருமக்கள் யார், கோயிலில் எந்தத் திருவிழா செய்தார் என்று அலுப்பில்லாமல் எழுதியிருக்கும். துவக்கால் செத்தவராக இருந்தாலும் துவக்கைப் பற்றி ஒரு வரிகூட இராது. அகால மரணம் என்று கடந்துவிடும். அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று ஒரு காலத்தில் கோபித்தவர்கள் உண்டு. உண்மைதான், சுட்டவர் அங்கே தப்பித்துக்கொள்கிறார். ஆனால் எங்கள் போர் எழுத்தின் பெரும்பகுதி செய்யத் தவறியதை அந்த மலிவுத்தாள் புத்தகங்கள் செய்தன. கண்ணை இரும்பிலிருந்து எடுத்து அப்பால் நின்ற மனிதர்மேல் வைத்தன. சமர்களின் பெயர், ஆயுதங்களின் பெயர், படையணிகளின் பெயர் எல்லாம் எங்கள் நூல்களில் துல்லியமாக இருக்கின்றன. மற்ற இயக்கத்தில் இருந்ததற்காகத் தமிழர் கையாலேயே சுடப்பட்டுச் சந்தியில் கிடந்த தமிழ்ப் பெடியனின் கல்வெட்டு எத்தனை வீடுகளில் அச்சாகாமலே போனது? அச்சாகியிருந்தால் அதில் அவன் அம்மா எந்தக் கோயிலில் நேர்த்தி வைத்தார் என்று இருந்திருக்கும். எழுதுகிற நாங்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்பதற்குப் பயம் ஒரு காரணம். பயம் போன பிறகும் செய்யாததற்குப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கன்னத்தை மரப்பிடியில் வைத்தபடியே பேனாவையும் பிடித்துவிட்டோம்.

1987இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. எல்லோருக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு நடப்பதைக் குறிபார்த்துப் பழகியவர்கள் வெகு நன்றாக அறிவார்கள். கண்ணின் வில்லை இறுகிப்போவதால் கிட்ட நிற்பவை கலங்கும். வயது ஏற ஏற, ஒரு காலத்தில் கூர்மையாகத் தெரிந்த முன்குறிக் குச்சி பஞ்சுபோல ஊதிப் போகும், அப்பால் நிற்பவர் தெளிவாவார். எந்தத் தட்டை இரும்பாலும் எந்தக் கவ்வியாலும் இதைத் திருத்த முடியாது. முன்குறியைத் தெளிவாக்கக் கண்ணாடி போடலாம். போட்டால் தூரத்தில் நிற்பவர் மறுபடி மங்குவார். எதைத் தெளிவாகப் பார்ப்பது என்று தெரிவுசெய்யச் சொல்லி உடம்பே கேட்கும் வயது இது. இளமையில் அந்தத் தெரிவை மற்றவர்கள் எங்களுக்காகச் செய்துவிட்டார்கள். இப்போது செய்யாமல்விட்டால் குற்றம் எங்களுடையது. துவக்கைத் தொட்டவர்களிடமும் தொடாமல் அதன் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது ஒன்றே. நினைவிருக்கும்போதே எழுதுங்கள், ஆயுதத்தின் ரகத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் அந்த ஆள் யார் என்று எழுதுங்கள், அவர் எந்தப் பக்கத்தில் நின்றிருந்தாலும், யார் அவரை வீழ்த்தியிருந்தாலும், வீழ்த்தியவர் நீங்களாகவே இருந்தாலும். பிழை போன பக்கமே குறியை நகர்த்த வேண்டும் என்ற அந்த விதி ஒன்றை மட்டும் துவக்கிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பிழைகள் எந்தப் பக்கம் போய் விழுந்தனவோ, அந்தப் பக்கம் எழுத்தும் போக வேண்டும்.